ஹார்ட் ராக் இசையும் தொழில் நகரங்களும்

ஹார்ட் ராக் என்பது 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவான ஓர் இசை வகை ஆகும். கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் இசை இதன் வேர். மின் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், உச்சத்தில் பாடும் குரல் ஆகியவை இதன் முதன்மைக் கூறுகள். இதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இதன் முன்னோடிக் கலைஞர்களுள் பலர் ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் வளர்ந்தவர்கள். அந்தப் பின்னணியை அறிந்து கேட்டால் இந்த ஓசைக்கான காரணம் விளங்கும்.

இசையின் அமைப்பு

ஹார்ட் ராக் பாடலின் முதுகெலும்பு ‘ரிஃப்’ எனப்படும் சிறு சுரக்கோவை. பாடல் முழுவதும் அது திரும்பத் திரும்ப வரும். டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ (1972) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கே சுரங்களால் ஆன அதன் ரிஃபைத்தான் கிட்டார் கற்கும் மாணவர் பலரும் முதலில் வாசித்துப் பார்க்கிறார்கள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் கேளிக்கை அரங்கு ஒன்று தீப்பற்றி எரிந்தது. ஏரியின் மீது பரவிய அந்தப் புகையே பாடலின் பொருள்.

இரண்டாவது கூறு கரகரப்பு. ஒலிபெருக்கியை அதன் தாங்குதிறனுக்கு மேல் ஏற்றினால் கிட்டாரின் ஒலி சிதைந்து தடிக்கும். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர பிளேடால் கீறி இந்த விளைவை உண்டாக்கினார். அவ்வாறு பதிவான பாடல் ‘யு ரியலி காட் மீ’.

பர்மிங்காமும் பிளாக் சபாத்தும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் உலோகத் தொழிலுக்கும் வாகன உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்ற நகரம். அதன் ஆஸ்டன் பகுதியில் 1968இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய குழுவே பிளாக் சபாத். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கார் ஹாரன்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவர்.

கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி தகட்டு உலோக ஆலையில் வேலை செய்தார். 17 வயதில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிட்டாரின் தந்திகளை அழுத்த வேண்டியவை அந்த வலக்கை விரல்களே. மனமுடைந்திருந்த அவருக்கு ஆலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் கிட்டார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசை அது.

ஐயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் உறைகள் செய்து, அவற்றின் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். அழுத்த எளிதாக இருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். இவ்வாறு இறக்கிய சுருதியின் கனத்த ஒலியை ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) தொகுப்பில் கேட்கலாம். இன்றைய மெட்டல் இசையின் அடையாளமாகிய இந்த ஒலியில் ஒரு தொழிலாளியின் காயத்துக்கும் பங்கு உண்டு.

இக்குழுவின் ‘பாரனாய்டு’ (1970) தொகுப்பில் உள்ள ‘வார் பிக்ஸ்’ போர் எதிர்ப்புப் பாடல். போரைத் தொடங்குவோர் ஒதுங்கி நிற்க, மடிவோர் ஏழைகள் என்பது அதன் கருத்து. குழுவின் இறுதி நிகழ்ச்சி 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனில் நடந்தது. ஜூலை 22 அன்று ஆஸ்போர்ன் காலமானார்.

ரெட்டிச்சும் திருவொற்றியூரும்

பர்மிங்காமுக்குத் தெற்கே உள்ள சிற்றூர் ரெட்டிச். லெட் செப்லின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் போனம் 1948இல் பிறந்த ஊர் இது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் தாயகமும் இதுவே. 1955இல் ரெட்டிச் நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்ததில் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. ரெட்டிச் ஆலையில் உற்பத்தி 1967இல் நின்றபோதும் திருவொற்றியூரில் அது தொடர்ந்தது.

வடசென்னையின் குரல்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர் செல்லும் புறநகர் ரயில் பாதையை ஒட்டி வாகன ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. இப்பகுதி உழைப்பாளிகளின் சொந்த இசை கானா. துக்க வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானா அதன் முக்கியமான வடிவம்.

இந்தக் கானா ராக் இசையுடன் இணைந்த முயற்சியே ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இதை உருவாக்கினர். முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. பறை, சட்டி, கட்ட மோளம், டோலக் ஆகியவற்றுடன் மின் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் ஒலித்தன. சாதிக் கொடுமை, இடஒதுக்கீடு, ஆணவக்கொலை ஆகியவை பாடுபொருள்களாயின. குழுவின் பாடகி இசைவாணி இராயபுரத்தில் வளர்ந்தவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

டென்மாவுடன் ‘குரங்கன்’ என்ற குழுவில் இயங்கிய கபேர் வாசுகி, 2017இல் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடலை’ எழுதியவர். எண்ணூர்க் கழிமுகம் ஆலைகளாலும் சாம்பலாலும் சீரழிவதைப் பேசும் பாடல் அது. டி.எம். கிருஷ்ணா அதைக் கருநாடக இசையில், அதே கழிமுகத்தில் நின்று பாடினார். இது ராக் பாடல் அன்று. எனினும் எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத்து மக்கள் நாள்தோறும் காணும் புகையும் சாம்பலும் பாட்டுக்குள் வந்ததற்கு இது முக்கியமான சான்று.

ஹார்ட் ராக்கைப் புதிதாகக் கேட்போர் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’, ‘வார் பிக்ஸ்’, லெட் செப்லினின் ‘ஹோல் லாட்டா லவ்’ (1969), ஏசி/டிசி குழுவின் ‘பேக் இன் பிளாக்’ (1980) ஆகிய நான்கிலிருந்து தொடங்கலாம். முதல் முறை ரிஃபை மட்டும் கவனித்தால் போதும். அது பிடிபட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.