நெஞ்செரிச்சலுக்குக் கஞ்சா மருந்தாகுமா?

நெஞ்செரிச்சல் ஊத்துக்கோட்டை வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் புதிய நோயன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரவு முறை வேலைக்குச் செல்வோர் நேரந்தவறி உண்கின்றனர். வீடு திரும்பியதும் உண்ட கையோடு படுக்கின்றனர். புளித்த ஏப்பத்தோடு எழுகின்றனர். "எல்லாம் வாயுதான்" என்று சோடாவைக் குடித்தும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கியும் மாதங்களைக் கடத்துவோர் பலர். இத்தகையோர் செவியில் இப்பொழுது வேறொரு பேச்சும் விழுகின்றது. "கஞ்சா வயிற்றுக்கு நல்லதாம், வெளிநாட்டு மருத்துவர்களே ஆராய்ந்திருக்கிறார்களாம், எலுமிச்சைத் தோலில் உள்ள சத்துதான் அதிலும் இருக்கிறதாம்" என்பதே அப்பேச்சு. அரைகுறை உண்மை முழுப் பொய்யினும் கேடானது. ஆகவே ஆராய்ச்சி உண்மையில் கூறுவது யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் சுருக்குத்தசை ஒன்று கதவுபோல் அமைந்துள்ளது. உணவு இறங்கும்போது திறந்து, பின்னர் மூடிக்கொள்வது அதன் பணி. அக்கதவு வேளையல்லா வேளையில் தளர்ந்தால், இரைப்பையிலுள்ள அமிலம் மேலெழும்பி உணவுக்குழாயைச் சுடுகின்றது. எரிவது நெஞ்சன்று, உணவுக்குழாயே. இத்தளர்ச்சியைக் குறைக்க வழியுண்டா என்று தேடிய அறிஞர்கள் கஞ்சாவிலுள்ள ஒரு பொருளையும் சோதித்தனர்.

கஞ்சாவை மேலைநாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியதே நம் நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சிதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓஷானெஸி என்னும் மருத்துவர் 1839-இல் அதனைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அதில் மயக்கம் தரும் முதன்மைப் பொருளை 1964-இல் இசுரயேல் நாட்டு அறிஞர் ரபேல் மெக்கோலமும் அவர்தம் துணைவரும் தனியே பிரித்தெடுத்தனர். டி.எச்.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள சில தன்னார்வலர்க்கு இப்பொருள் அளந்து கொடுக்கப்பட்டது. சுருக்குத்தசை வேளையின்றித் தளர்வது குறைந்தது உண்மையே. ஆயினும் அத்தசையின் அழுத்தமும் உடன் குறைந்தது. அமிலம் மேலெழுவது உறுதியாகச் சொல்லத்தக்க அளவுக்குக் குறையவில்லை. அளவு கூடியபோது சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. சோதிக்கப்பட்டோர் நெஞ்செரிச்சல் நோயாளிகளும் அல்லர். இதனை வைத்து "கஞ்சா நெஞ்செரிச்சலைத் தீர்க்கும்" என்பார் கூற்று எங்ஙனம் பொருந்தும்?

இனி எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களைக் காண்போம். ஆரஞ்சுத் தோலைப் பிழியும்போது கையில் படும் மணமுள்ள எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமொனீன் என்னும் பொருளே உள்ளது. கஞ்சாச் செடியின் மணத்திலும் இது சிறிதளவு உண்டு. ஆனால் மயக்கம் தருவது இதுவன்று. நாள்பட்ட நெஞ்செரிச்சலுடைய 19 பேருக்கு இவ்வெண்ணெய்ப் பொருள் அடங்கிய மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் நலம் கண்டனர் என அமெரிக்காவில் பதிவாகியுள்ளது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட மற்றொரு சோதனையில் கலந்துகொண்டோர் 13 பேர் மட்டுமே. நம்பிக்கையூட்டும் தொடக்கம் எனலாம். முடிந்த முடிபு எனலாகாது. மேலும் அச்சோதனை தோலின் எண்ணெயைப் பற்றியது, சாற்றைப் பற்றியதன்று. எலுமிச்சைச் சாறு புளிப்பு மிக்கது. நெஞ்செரிச்சல் உள்ள பலருக்கு அது எரிச்சலைக் கூட்டும் என்பதை இல்லத்தரசிகள் மறத்தலாகாது.

ஆய்வுக்கூடத்தில் தூய்மைப்படுத்தி, மில்லிகிராம் கணக்கில் அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுவது ஒன்று; பேருந்து நிலையத்து மறைவில் பொட்டலமாகக் கைமாறுவது முற்றிலும் வேறொன்று. பொட்டலத்தில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்பதை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். நீண்டநாள் கஞ்சா பயன்படுத்துவோர் சிலருக்கு அடக்கவியலாத வாந்தி அடுத்தடுத்து வருவதை, 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். அப்பழக்கத்தை விட்டொழித்தால்தான் அந்நோய் நீங்குகின்றது. வயிற்றுக்கு நல்லது என்று சொல்லப்படுவதே வயிற்றைக் கெடுக்கும் விந்தையை என்னென்பது!

ஆந்திர எல்லையில் அமைந்த நம் ஊருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவை வைத்திருத்தலும் விற்றலும் குற்றம். 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை "கஞ்சா வேட்டை" என்னும் பெயரால் மாநிலமெங்கும் சோதனை நடத்தியதை நாம் அறிவோம். "மருந்துதானே" என்னும் ஒரு சொல்லே வளரும் பிள்ளைக்கு முதற்படியாகிவிடக்கூடும்.

அங்ஙனமாயின் ஆராய்ச்சியே தீதோ? அன்று. ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் அரசின் இசைவு பெற்றே கஞ்சாச் செடியை வளர்த்து, வலி, வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளை ஆராய்கின்றது. படைப்பில் மறைந்துள்ள நலத்தைத் தேடுவது இறைவன் தந்த அறிவின் பயனேயாகும். புனித சின்னப்பர் திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சை இரசம் அருந்தும்படி எழுதினார் அன்றோ! அங்கே "சிறிது" என்பதே முதன்மையான சொல். அதனைக் குடிவெறிக்குச் சான்றாகக் காட்டுவோர் எவருமிலர். போதைப்பொருளை இன்பத்துக்காகச் சட்டப்படி அனுமதிப்பதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் வெளிப்படையாக எதிர்த்ததும் நினைவுகூரத்தக்கது.

நெஞ்செரிச்சலுக்கு எளிய வழிகள் நம் கையிலேயே உள. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னரே உண்டு முடித்தல், வயிறு முட்ட உண்ணாதிருத்தல், எண்ணெயும் காரமும் குறைத்தல், புகையிலையையும் மதுவையும் விலக்கல், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தல், இடப்பக்கம் சாய்ந்து உறங்குதல், உடற்பருமனைக் குறைத்தல் ஆகியன பயன்தரும். அப்படியும் தீராவிடில் மருத்துவரை நாடுதல் வேண்டும். விழுங்குவதில் இடர்ப்பாடு, காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகியன இருப்பின் நாள் கடத்தலாகாது. வியர்வையுடன் நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இரவு முறை முடிந்து வரும் கணவருக்கோ மகனுக்கோ வேளையறிந்து இளஞ்சூட்டில் அளவாகப் பரிமாறி, அரைமணி நேரம் உடனமர்ந்து பேசியிருங்கள். எரியும் நெஞ்சோடு வருபவனுக்குத் தன் துன்பத்தைச் சொல்ல வீட்டிலேயே ஒருவர் இருப்பாராயின், பொட்டலத்தை நாடி அவன் வெளியே செல்ல வேண்டுவதில்லை.