குடவோலைத் தகுதியும் இணையவழிப் பாடமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இவ்வூரைச் சனநாயகத் தொன்மைக்குச் சான்றாகக் காட்டினார். ஓலையில் பெயர் இடம்பெறத் தேவைப்பட்ட தகுதிகள் பற்றி இத்தகைய மேடைகளில் பேசப்படுவதில்லை. வரி செலுத்தும் நிலம் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது ஒரு பிரம்மதேயம். (அக்கல்வெட்டில் 'சேரி' என்பது அக்குடியிருப்பின் ஒரு பிரிவையே குறித்தது. அச்சொல் நம் மீது வந்து ஒட்டிய கதை தனிக் கட்டுரைக்குரியது.)

பிரதமர் அவ்வாறு பேசிய ஆண்டில்தான் வகுப்பறைகள் மூடப்பட்டு, பாடம் இணையத்திற்குச் சென்றது. அங்கும் தகுதிகள் இருந்தன. அவை எங்கும் பொறிக்கப்படவில்லை, அவ்வளவே. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களுள் 14.9 விழுக்காட்டினர்க்கே இணைய வசதி இருந்தது, கணினி 4.4 விழுக்காட்டினரிடம். 2020 ஜூன் 1, கேரளத்தில் தொலைக்காட்சி வழி வகுப்புகள் தொடங்கிய நாள். அன்றே மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருவர் உயிரிழந்தார். பழுதான தொலைக்காட்சியும் இல்லாத திறன்பேசியும் அப்போது செய்தியாயின.

நல்ல இணையப் பாடம் எது? ஒன்றிய அரசின் 'சுவயம்' தளம் ஒவ்வொரு பாடத்தையும் காணொலி, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என நான்கு கூறுகளாக அமைக்கிறது. ஏட்டளவில் குறையில்லை. ஆனால் அலைவரிசை குன்றும்போது முதலில் கைவிட்டுப் போவது காணொலி. பாடத்தின் சுமை முழுவதையும் அதன் மீதே ஏற்றியிருந்தால் பாடமே போய்விடுகிறது. கூலி வேலை முடிந்து இரவில் தந்தையுடன் வீடு திரும்பும் ஒரே கைபேசியை மனத்தில் வைத்துத் திட்டமிடுவோர், முதலில் தமிழில் எழுத்துப் பாடத்தை உருவாக்குவர், பிறகு ஒலிப்பதிவு, அதன் பின்னரே, தரவிறக்கி வைத்துக்கொள்ளத்தக்க சிறு காணொலி. ஒப்படைப்பிற்கு ஒரு மணி நேரத்தை அன்றி ஒரு வாரத்தைக் கெடுவாக வைப்பர். கேமராவைத் திறந்து வைக்கக் கட்டாயப்படுத்துவது ஒரு மாணவியின் வீட்டை வகுப்பின் முன் காட்சிக்கு வைப்பதாகும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் சாதி உதவித்தொகைப் பெயர்களைப் பதிவிடுவதோ சாதியை அறிவிப்பதேயாகும்.

மதிப்பீட்டில்தான் ஏமாற்று அதிகம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்தநிலைப் பாடங்களில் 2017-18இல் பதிவு செய்தோருள் முடித்தவர் 3.13 விழுக்காட்டினரே. முடித்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் எப்பாடமும் சிறந்த பாடமே. கணக்கைப் பதிவு செய்தோரிடமிருந்து தொடங்குவதும் போதாது. உள்ளே வரவே இயலாதவரையும் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையைப் பள்ளியில் அன்றி வீடுகளிலேயே சோதித்தனர். வருகைப் பதிவேட்டில் இல்லாத குழந்தையும் அதனால் கணக்கில் வந்தது. பெருந்தொற்றால் நேர்ந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் மீண்டது. அம்மீட்சியில் சுமார் 24 விழுக்காடு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யினால் விளைந்தது. அது செயலியால் நிகழ்ந்ததன்று; மாலையில் தெருவிலேயே கூடி, தன்னார்வலர் நேரில் கற்பித்ததால் நிகழ்ந்தது.

ஒரு பருவத்தின் பாடங்களுள் 40 விழுக்காடு வரை 'சுவயம்' வழியாகப் படிக்க 2021 முதல் பல்கலைக்கழக மானியக் குழு இசைவளிக்கிறது. ஆகவே இது இனிப் பட்டம் சார்ந்த சிக்கல். பதிவு செய்தோர், இடையில் நின்றோர், எந்த வாரத்தில் நின்றனர், தேர்ச்சி பெற்றோர் ஆகிய விவரங்களைச் சாதிப் பிரிவு, பாலினம் வாரியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தத்தம் அரசுக் கல்லூரியில் கேட்கும்படி மாணவர் அமைப்புகளை வேண்டுகிறோம். அவ்வாறு பிரித்துத் தொகுக்கவில்லை என்று பதில் வந்தால், அப்பதிலையும் வெளியிடுங்கள்.