எஞ்சின் அறை – 9: ஒரு சுற்று பெரிய டர்போ

சென்ற வாரம் டர்போவின் உள்ளே நுழைந்து பார்த்தோம். வெளியேறும் புகை டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம், கம்ப்ரஸர், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். கருவி அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று பெரியதாக மாட்டலாமா என்று யோசிக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் காருக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. காலையில் ஆபீஸ், மாலையில் மளிகைக்கடை, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை என்று ஒரே காரை ஓட்டுகிறவர்தான் பாவம்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், 2002 மாடல். 2001-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1,994 சிசி, படுத்த வாக்கில் நான்கு சிலிண்டர்கள், 227 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, ஐந்து கியர். பனி கொட்டும் மாநிலங்களில் அதை வாங்கியவர்கள் குளிர்காலத்திலும் நிறுத்திவைக்காமல் ஓட்டினார்கள். வாங்கிய சில மாதங்களிலேயே பானெட்டைத் திறந்து, "இதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன?" என்று கேட்கவும் ஆரம்பித்தார்கள்.

அதில் வந்த டர்போ மிட்சுபிஷியின் டிடி04. சின்னது. 3,000 ஆர்பிஎம்மைத் தொடுவதற்குள் முழு பூஸ்ட் கிடைத்துவிடும். 5,500-க்கு மேல் மூச்சு வாங்கும். முள் 7,000-ஐ நோக்கி ஏறுமே தவிர, இழுவை ஏறாது. இந்தக் கடைசி 1,500 ஆர்பிஎம்மில் ஏற்படும் ஏமாற்றத்துக்காகத்தான் மக்கள் டர்போவை மாற்றுகிறார்கள்.

ஆனால் அந்த 1,500-ல் நாம் எவ்வளவு நேரம் இருக்கிறோம்? ஐந்தாவது கியரில், மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது இந்தக் காரின் முள் 2,500-க்கும் 3,000-க்கும் நடுவில் நிற்கும். முன்னால் ஒரு லாரி; தாண்ட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டிடி04 பதில் சொல்லும். 20ஜி என்ற பெரிய டர்போவை மாட்டியிருந்தால் கியரைக் குறைத்து, முள்ளை 4,000-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் அது கண் திறக்கும். உச்ச குதிரைத்திறன் என்பது விளம்பரத்துக்கு அழகான எண். தினசரி ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, முழு பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதைத்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். டர்பைனைச் சுழற்றும் அளவுக்குப் புகையே இல்லாத ஆர்பிஎம்மில் எவ்வளவு மிதித்தாலும் பூஸ்ட் வராது. அது வாசல். வாசலைத் தாண்டிய பிறகும், மிதித்ததற்கும் இழுப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கும். அதுதான் லேக். பெரிய டர்போ இரண்டையும் கெடுக்கும். லேக்கை எவ்வளவு கெடுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, ஒரே வடிவத்தில் சக்கரத்தைப் பெரிதாக்கினால் அது விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். விட்டம் 10 சதவீதம் கூடினால், சக்கரத்தை உசுப்பிவிடத் தேவையான முயற்சி 61 சதவீதம் கூடும். தேர் மாதிரி, நகர்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை, நகர்த்துவதுதான் பாடு. 'ஒரு சுற்று' என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இந்த ஐந்தாம் அடுக்குதான். இரண்டு சுற்று பெரியதை மாட்டினால் கணக்கு கையை மீறிப் போய்விடும்.

சரி, எவ்வளவு காற்று வேண்டும்? பெட்ரோல் டர்போ எஞ்சினில், நிமிடத்துக்கு 450 கிராம் காற்று சுமார் 10 குதிரைத்திறன் தரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 227 குதிரைக்கு நிமிடத்துக்குப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். 300 வேண்டுமென்றால் பதின்மூன்றரைக் கிலோ. ஆக, இத்தனை செலவும் அலைச்சலும் நிமிடத்துக்கு மூன்று கிலோ சொச்சம் காற்றுக்காக. அந்தக் காற்றைச் சூடாக்காமல் கொடுப்பதில்தான் நல்ல டர்போ, சுமார் டர்போ என்ற வித்தியாசம் தெரியும்.

டயருக்கு அடிக்கிறோமே, அதே பிஎஸ்ஐ கணக்கில் 15 பூஸ்ட் என்று வைப்போம். கடல்மட்டத்தில் வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ. ஆகவே காற்றை ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்துகிறோம். அழுத்தினால் சூடேறும். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 75 சதவீதத் திறனில் வேலை செய்யும் கம்ப்ரஸரிலிருந்து 118 டிகிரியில் வெளிவரும். அதே வேலையை, எல்லையில் தவிக்கும் சின்ன டர்போ 60 சதவீதத் திறனில் செய்தால் 140 டிகிரி. இன்டர்கூலர் கொஞ்சம் குளிர்விக்கும். ஆனால் டபிள்யூஆர்எக்ஸில் அது எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. டிராஃபிக்கில் நின்றால் எஞ்சின் சூடு முழுவதும் அதற்குத்தான். காற்று சூடானால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிக்கும், நாக்கிங் வரும். நாக்கிங் வந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பொறியைத் தள்ளிப்போடும். வாங்கிய குதிரைகளில் சில அங்கேயே ஓடிவிடும்.

பெட்ரோலும் இதே கதைதான். கலிஃபோர்னியா பங்குகளில் உயர்ந்த ரகம் 91 ஆக்டேன். கிழக்கு மாநிலங்களில் 93 கிடைக்கும். (நம் ஊர்ப் பங்கில் போட்டிருக்கும் எண்ணோடு இதை அப்படியே ஒப்பிட வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு அளவீடுகளின் சராசரியைப் போடுகிறார்கள். அவர்களுடைய 91, நம் கணக்கில் 95-க்குக் கிட்டத்தட்டச் சமம்.) ஒரே காரை, ஒரே டர்போவுடன், இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகத்தான் டியூன் செய்ய முடியும்.

ஊரின் உயரமும் கணக்கில் வரும். சுபாருக்கள் நிறைய ஓடும் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்று சுமார் 12 பிஎஸ்ஐதான். அதே 15 பூஸ்ட் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு போதாது, 2.2 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் சின்ன டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். டென்வர்க்காரர் ஒரு சுற்று பெரியதைக் கேட்பதில், சான் டியாகோக்காரரைவிட நியாயம் அதிகம்.

அந்த ஒரு சுற்று எது? 16ஜி, 18ஜி, 20ஜி என்று வரிசையாகப் பெயர்கள் உண்டு. என் ஓட்டு, சுபாருவே கொடுத்த பதிலுக்கு. 2004 மாடலாக டபிள்யூஆர்எக்ஸின் அண்ணனான எஸ்டிஐ அமெரிக்காவுக்கு வந்தபோது, 2.5 லிட்டர் எஞ்சினில் ஐஹெச்ஐயின் விஎஃப்39 டர்போவை வைத்து 300 குதிரைத்திறன் கொடுத்தார்கள். அது டபிள்யூஆர்எக்ஸின் அதே மூன்று போல்ட்டில் உட்காரும். 2 லிட்டர் எஞ்சினில் முழு பூஸ்ட் 3,500-ஐ ஒட்டி வரும். டிடி04-ஐவிடக் கொஞ்சம் தாமதம், பழகிவிடும். எஸ்டிஐ வைத்திருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை, அவர்கள் இன்னும் பெரியதற்குப் போய்விடுவதால் அவர்கள் கழற்றிய விஎஃப்39-கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். வாங்கும்போது தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சற்றே ஆடலாம், எண்ணெய் நிரம்பினால் அது அடங்கும். முன்னும் பின்னும் நகர்ந்தால் வேண்டாம். கம்ப்ரஸர் இதழ்களின் நுனியில் கொத்துப்பட்ட தழும்பு இருந்தாலும் வேண்டாம்.

உச்சத்தைவிட நடு ஆர்பிஎம் இழுவைதான் முக்கியம் என்பதில் ராலிக்காரர்களும் இதே பக்கம்தான். 1995-ல் உலக ராலியில் டர்போவின் வாயில் 34 மில்லிமீட்டர் அடைப்பு வளையம் கட்டாயமாயிற்று. அதற்கு மேல் காற்று போகவில்லை; குதிரைத்திறன் 300-ஐச் சுற்றியே நின்றது. உச்சியில் கதவு சாத்தப்பட்டதால் பொறியாளர்கள் நடு ஆர்பிஎம்களில் இழுவையைக் குவித்தார்கள். அந்த ஆண்டு சுபாருவில் காலின் மெக்ரே பட்டம் வென்றார். டொயோட்டா அணியோ வளையத்தைச் சுற்றிக் காற்றைக் கடத்த ரகசிய ஏற்பாடு செய்து கேட்டலோனியாவில் பிடிபட்டு, ஓராண்டுத் தடை வாங்கியது. திருட்டுத்தனம் என்றாலும் வேலைப்பாடு அபாரம்.

டர்போ வந்துவிட்டது, மாட்டிவிட்டு ஓட்டலாமா? கூடாது. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய இன்ஜெக்டர்கள் தம் எல்லையைத் தொட்டுவிடும், பம்ப்பும் அப்படியே. இரண்டையும் மாற்றி, டியூனரிடம் உட்கார்ந்து எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பை மறுபடி எழுத வேண்டும். இந்த வேலையில் காசு மிச்சம் பிடித்தவர்கள்தான் பிஸ்டன் வாங்குகிறார்கள்.

இன்னொரு சங்கடம், எஞ்சினிலிருந்து டர்போவுக்கு ஏறும் குழாயில் சுபாரு ஒரு சிறிய வினையூக்கியை வைத்திருந்தது. அது நொறுங்கினால் துண்டுகள் நேராக டர்பைனுக்குள் போகும். அதை எடுத்துவிட்டு வெற்றுக் குழாய் போடுவது பலரும் செய்வது. அமெரிக்கச் சட்டப்படி சாலையில் ஓடும் காரில் அது குற்றம். கலிஃபோர்னியாவில் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் இல்லாத பாகம் கண்ணில் பட்டாலே புகைப் பரிசோதனையில் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அங்கே இருப்பவர் கடைக்குப் போகுமுன் அந்த எண் உண்டா என்று பார்ப்பது நல்லது.

கடைசியாக கியர்பாக்ஸ். டபிள்யூஆர்எக்ஸின் ஐந்து கியர் பெட்டி மென்மையானது என்பது ஊரறிந்த விஷயம். பல்லை உடைப்பது 6,500-ல் வரும் குதிரைத்திறன் அல்ல, சிக்னலில் கிளட்சைப் படாரென்று விடும்போது வரும் முறுக்குவிசை. நல்ல டியூனர் கீழ் கியர்களில் பூஸ்ட்டைக் கொஞ்சம் அடக்கியே மேப் எழுதுவார். எஸ்டிஐயின் ஆறு கியர் பெட்டியைப் பொருத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்கு டிஃபரன்ஷியல், ஆக்ஸில், ஹப் எல்லாம் கூடவே மாறும். அந்த பில்லைக் கூட்டிப் பார்த்தால், விஎஃப்39-ஐ எஸ்டிஐயோடு சேர்த்தே வாங்காமல் விட்டது ஏன் என்று தோன்றும். கிளட்ச் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)