உத்தியோக பர்வம் – 11: பதினைந்து நாள் அவகாசம்

ஆட்குறைப்பு என்னும் தீர்மானம் ஒரு ஸ்தாபனத்தின் மேல்மாடியில் எவ்விதம் உருவாகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தீர்மானம் படியிறங்கி வந்து ஊழியனின் கையில் ஒரு கடிதமாக விழும் கட்டத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். முற்காலத்தில் அந்தக் கடிதத்தில் விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உமது சேவை இனித் தேவையில்லை என்பதோடு அது முடிந்துவிடும். இப்போது நாகரிகம் முதிர்ந்துவிட்டபடியால், கடிதத்தில் இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன: சென்னைக் காரியாலயத்தை மூடிவிட்டுப் புனேவுக்கோ குருகிராமுக்கோ போகிற கம்பெனியோடு நீரும் கூடவே புறப்படலாம், இல்லையேல் இத்தனை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளலாம். எது உமக்கு இஷ்டம் என்பதைப் பதினைந்து தினங்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இக்கடிதம் வந்த இரவே பெரும்பாலான வீடுகளில் பணக் கணக்குத் தொடங்கிவிடுகிறது. தொகை எவ்வளவு, அது எத்தனை மாதம் தாங்கும், அங்கே வாடகை என்ன என்று கணவனும் மனைவியுமாகக் காகிதத்தை நிரப்புகிறார்கள். கணக்குப் போடுவதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். போக மறுத்தால், அந்த மறுப்பு கம்பெனியின் ஏட்டில் என்னவாகப் பதிவாகும்? ராஜிநாமாவாகவா, ஆட்குறைப்பாகவா, விருப்ப ஓய்வாகவா? நஷ்டஈடும், வரிச் சலுகையும், நாளை இன்னொரு கம்பெனியில் சொல்லவேண்டிய பதிலும் இதைப் பொறுத்தே அமைகின்றன. கடிதத்தின் கடைசிப் பத்தியில், குறிப்பிட்ட தேதிக்குள் பதில் வராவிடில் ஊழியர் தாமாகவே விலகிக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி சாதுவாக உட்கார்ந்திருக்கும். முதலில் படிக்கவேண்டியது அந்த வரியைத்தான்.

ஒருவனை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்ற முதலாளிக்கு இயல்பாகவே உரிமை உண்டா என்ற விவாதம் நம் நாட்டில் புதிதன்று. உத்தரப் பிரதேசத்து அம்ரோஹாவில் இருந்த குந்தன் சர்க்கரை ஆலையின் சொந்தக்காரர்கள், பிற்பாடு புலந்த்ஷஹரில் வேறோர் ஆலையைத் தொடங்கி, பழைய ஆலையின் தொழிலாளர் சிலரை அங்கே போகச் சொன்னார்கள், அவர்கள் மறுத்தார்கள், வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1960-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்த காலத்தில் இல்லாத ஓர் ஆலைக்கு, அப்படியொரு நிபந்தனை ஏதும் எழுதப்படாதிருக்கையில், அவர்களை மாற்ற முதலாளிக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாராம்சம். இந்தத் தீர்ப்பு நம் முதலாளிமார்களுக்கு நல்ல பாடமாகவே அமைந்தது போலும். ஏனெனில், இந்தியாவில் எந்த இடத்துக்கும், எங்கள் கிளை ஸ்தாபனம் எதற்கும், ஏற்கெனவே இருப்பதாயினும் இனி ஏற்படுவதாயினும், மாற்றப்பட நீர் உடன்படுகிறீர் என்ற ஷரத்து இல்லாத அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இன்று காண்பது துர்லபம். இருபத்திரண்டு வயதில், முதல் சம்பளத்தின் நினைவிலேயே கையெழுத்திட்டுப் பரண்மேல் போட்டுவிட்ட அந்தக் காகிதத்தை நாற்பத்தைந்து வயதில் தூசி தட்டி எடுத்துப் படிக்க நேர்கிறது. ஷரத்து இருந்தால் மறுக்கிறவனுடைய பலம் குறைகிறது. இல்லாவிட்டால், அல்லது புதிதாகப் போகச் சொல்லும் இடம் வேறொரு கம்பெனியின் பெயரில் இருந்தால், அவன் பேசுவதற்கு நிறைய இடமிருக்கிறது.

வேலை வேறிடத்துக்குப் போகிறபோது ஆளையும் அழைப்பது நியாயந்தானே என்று வாசகர் நினைக்கலாம். பல சமயங்களில் அது நியாயமே. சில சமயங்களிலோ அந்த அழைப்பே ஆட்குறைப்பின் சூட்சுமமான உபாயமாகிவிடுகிறது. அரசாங்கக் காரியாலய விஷயமேயாயினும், 2019-இல் அமெரிக்காவில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக் காரியாலயங்கள் இரண்டை வாஷிங்டனிலிருந்து கான்ஸாஸ் நகரத்துக்கு மாற்றுவதாக அறிவித்து, ஊழியர் முடிவு சொல்ல ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் வரமாட்டோம் என்றார்கள். வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரிப் பொறுப்பில் அப்போதிருந்த மிக் மல்வேனி, சர்க்கார் ஊழியரை நீக்குவது அசாத்தியமாக இருக்கையில் இப்படி ஊர் மாற்றினால் அவர்களே போய்விடுகிறார்கள் என்று ஒரு கட்சிக் கூட்டத்தில் ஒளிவுமறைவின்றி மெச்சிக்கொண்டார். அதே காலத்தில், அந்நாட்டு நில நிர்வாகத் துறையின் தலைமையகமும் வாஷிங்டனிலிருந்து கொலராடோவில் உள்ள கிராண்ட் ஜங்ஷன் என்னும் சிறு நகரத்துக்கு மாற்றப்பட்டது. மேற்கு மாநிலங்களுக்கு மாற்றுவதாகச் சொல்லப்பட்ட 328 பேரில் 287 பேர் ஓய்வு பெற்றோ வேறு வேலை தேடிக்கொண்டோ விலகினார்கள். இடம்பெயர்ந்தவர் 41 பேர். அவர்களிலும் கிராண்ட் ஜங்ஷனுக்கே போய்ச் சேர்ந்தவர் மூன்றே பேர். இதைவிட வேடிக்கை, 2021 செப்டம்பரில் அத்தலைமையகம் மறுபடியும் வாஷிங்டனுக்கே திரும்புவதாக அறிவிப்பு வந்ததுதான்.

போகிற இடம் எத்தனை காலம் நிலைக்கும் என்பதை ஆராயாமல், போனால் வேலை நிச்சயம் என்று எண்ணுவது எவ்வளவு பலவீனமான நம்பிக்கை என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இனி, நம் ஊர்க் கணக்கு ஒன்றைச் சற்று விஸ்தாரமாகப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூரில் உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் பதினேழு வருஷம் உழைத்த என் நண்பர் ஒருவருக்கு இத்தகைய கடிதம் வந்தது. வேலை புனேவுக்கு அருகில் சாகனுக்கு மாறுகிறது. சம்பளத்தில் ஒரு காசு கூடாது. சாமான் ஏற்றிச் செல்ல ஒரு மாதச் சம்பளம் தரப்படும். ஒன்றரை வருஷத்துக்குள் வேலையை விட்டால் அதையும் திருப்பிக் கட்டவேண்டும். வர விருப்பமில்லையேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் மனைவி வில்லிவாக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியை. அந்த உத்தியோகத்தை மாநிலம் கடந்து மாற்றிக்கொள்ள வழியில்லை. மகள் பிளஸ் ஒன்னில் சேர்ந்து மூன்று மாதமாகியிருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தால் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை என்பதைக்கூட அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள். தாயாரோ, "நீ போயிட்டு வாப்பா, என்னை மட்டும் கொரட்டூரை விட்டுக் கெளப்பாதே" என்று ஒரே வார்த்தையில் தம் தரப்பை முடித்துவிட்டார்.

நண்பர் மாதம் 95,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். பதினேழு மாதம் என்றால் பதினாறு லட்சத்துக்கு மேல். வீட்டுக்கடனில் பெரும்பகுதியை அடைத்துவிடலாம் என்ற ஆனந்தத்தில் ஏறத்தாழக் கையெழுத்துப் போடும் தறுவாயில் இருந்தார். கடிதத்தை நான் வாங்கிப் படித்தபோது, சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே குறிக்கும் என்று ஓரிடத்திலும், மேற்கண்ட தொகை சட்டப்படி சேரவேண்டிய அனைத்தையும் உள்ளடக்கியது என்று வேறோரிடத்திலும் கண்டிருந்தது. அடிப்படைச் சம்பளம் 40,000. பதினேழு மாதத்துக்கு 6,80,000. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையோ அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராஜிநாமாவாயினும் ஆட்குறைப்பாயினும் அவருக்குச் சேரவேண்டிய பணம். வருஷத்துக்குப் பதினைந்து நாள், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்ற கணக்கில் அது மட்டுமே ஏறக்குறைய 3,92,000. இதைக் கழித்தால் கம்பெனி தன் கையிலிருந்து கூடுதலாகத் தருவது மூன்று லட்சத்துக்கும் குறைவு! மாறாக, ஆட்குறைப்பு என்று அப்போதிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் அவரை அனுப்பியிருந்தால், படிகளும் சேர்ந்த சராசரி ஊதியத்தில் வருஷத்துக்குப் பதினைந்து நாள் வீதம் எட்டு லட்சம் கிடைத்திருக்கும். பணிக்கொடை அதற்கு மேல். தாராளம் என்று நினைத்தது சட்டத்தின் குறைந்தபட்சத்தைக்கூடத் தொடவில்லை.

அச்சட்டம் 'தொழிலாளி'க்குத்தானே, அவர் கோட்டுப் போட்ட உத்தியோகஸ்தர் ஆயிற்றே என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. மேனேஜர் என்ற பட்டத்தைப் பார்த்து நீதிமன்றங்கள் மயங்குவதில்லை. ஒருவன் உண்மையில் செய்கிற வேலை என்ன என்பதையே ஆராய்கின்றன. நண்பரின் கீழ் ஒரு குமாஸ்தாகூட இல்லை. விடுப்பு வழங்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. இதையெல்லாம் அவர் பணிவாக, ஆனால் எழுத்தில், சுட்டிக்காட்டினார். இரண்டு வாரம் மௌனம் சாதித்த நிர்வாகம், பிறகு கிராஜுவிட்டியைத் தனியே தரவும், படிகளில் பாதியைக் கணக்கில் சேர்க்கவும் இசைந்தது. அவர் புனேவுக்குப் போகவில்லை.

சட்டம் சொல்லும் பதினைந்து நாள் என்பது தரைமட்டம் மாத்திரமே. அதற்குமேல் எவ்வளவு உயரலாம் என்பதை மறைமலை நகர் காட்டியது. அங்கே ஆலை வைத்திருந்த ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி அறிவித்தது. சென்னை ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமுமாகக் கழிந்து, வருஷத்துக்கு 115 நாள் சம்பளம் என்று நிர்வாகம் ஒரு கட்டத்தில் சொன்ன பேரம் கடைசியில் 140 நாளில் முடிந்தது. குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா குழுமம் வாங்கிக்கொண்டபடியால் அங்கிருந்த தொழிலாளர் வேலையோடு கைமாறினார்கள். சென்னையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது பணந்தான். தொழிற்சங்கம் இல்லாத ஐ.டி. கம்பெனியில், எச்.ஆர். அறையில் தனியாக உட்காரவைக்கப்பட்ட ஒருவன் 140 நாளைக் கனவிலும் கேட்கமுடியாது என்பது மெய்யே. ஆனாலும், முதலில் சொல்லப்படுகிற தொகை முடிவான தொகை அன்று என்பதை அவனும் தெரிந்துவைத்திருக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டபடியால், சர்க்கார் அனுமதி பெற்றே ஆட்குறைக்கவேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளியிலிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டது. ஊதியம் என்பதன் இலக்கணமும் மாறியிருக்கிறது. ஆகையால் பழைய கணக்கைப் புதிய கடிதத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது. வரி விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு: விருப்ப ஓய்வுத் தொகையில் ஐந்து லட்சம் வரை விலக்குக் கிடைப்பது, அத்திட்டம் விதிகளுக்கு உட்பட்டதாகவும், ஊழியர் பத்து வருஷ சேவையோ நாற்பது வயதோ நிறைந்தவராகவும் இருந்தால்தான், அதுவும் ஆயுளில் ஒரே முறை. வெறும் ராஜிநாமாவுக்கு இந்த விலக்கு இல்லை.

போவது என்று தீர்மானிப்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மனைவிக்கும் அங்கேயே வேலை கிடைக்கக்கூடிய, குழந்தை இன்னும் பள்ளி வாசலை மிதிக்காத இளம் தம்பதிகளுக்குப் போவதே உசிதம் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டியவை இரண்டு. புதிய ஊரில் புதிய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று எதையாவது நீட்டினால், அதில் சேவைக்காலம் பழைய தேதியிலிருந்தே தொடர்வதாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். துணைக் கம்பெனி ஒன்றின் பெயரில் புதிதாகச் சேர்ந்தவராக ஏட்டில் ஏறிவிட்டால், அடுத்த ஆட்குறைப்பின்போது பத்து வருஷ உழைப்பு எட்டு மாதமாகச் சுருங்கிப்போகும். அடுத்ததாக, சாமான் செலவைத் திருப்பிக் கட்டும் ஷரத்து, ஊழியர் தாமாக விலகினால் மட்டுமே செல்லும், கம்பெனியே அனுப்பினால் செல்லாது என்ற திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லவேண்டும். நண்பரோடு ஒரே நாளில் கடிதம் பெற்றுச் சாகனுக்குப் போன சகா ஒருவர் இதைக் கேட்கவில்லை. பதினான்காம் மாதத்தில் அவருடைய பிரிவை வெளியாருக்குக் குத்தகை விட்டபோது, ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கில் லாரி வாடகையையும் பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

(தொடரும்)