லூரின் வயிற்றில் ஏன் சொட்டு திரள்கிறது?

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏரி விராலுக்குக் கல்யாண முருங்கைக் கட்டையில் தானே லூர், அதாவது தூண்டிலுக்கான பொய் இரை, செதுக்குகிறாராம். வண்ணம் தீட்டி, அதன்மேல் எப்பாக்ஸி ரெசின் பூசுகிறார். முதுகில் பூச்சு மெலிந்துபோகிறது. வயிற்றில் சொட்டாகத் திரண்டு அப்படியே இறுகிவிடுகிறது. விலை கூடிய ரெசின் வாங்கினால் கடை லூர் மாதிரி வழவழவென்று வருமா என்று கேட்கிறார்.

வராது. 'நானோ', 'கண்ணாடி ஃபினிஷ்' என்று புட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் விற்பனைச் சொற்கள். வழவழப்பைத் தருவது ரெசினின் பரப்பு இழுவிசை. அது புட்டிக்குப் புட்டி பெரிதாக மாறுவதில்லை. பளபளப்பைப் பார்த்துத்தான் விரால் பாய்கிறது என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. தலைக்கு மேலே ஏதோ அசைகிறது என்பதே அதற்குப் போதும். பூச்சின் உண்மையான வேலை கட்டைக்குள் தண்ணீர் இறங்காமல் காப்பது. ஈரம் குடித்த கட்டை ஊதி, வண்ணத்தைப் பிளக்கும். எடை ஏறி, மிதக்கும் விதமே மாறிவிடும். விராலின் பல்லும் தூண்டில் முள்ளின் உராய்வும் பூச்சு மெலிந்த இடத்தைத்தான் முதலில் உடைக்கும். அதனால்தான் கனம் சீராக இருக்க வேண்டும் என்கிறேன்.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் 1930களில் பல் கட்டும் பொருளைத் தேடிப் போய் இந்த ரெசினில் வந்து நின்றார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பெயின்ட் தொழிலுக்காக அதே வழியில் போனார். 1946இல் சீபா நிறுவனம் 'அரால்டைட்' என்ற பெயரில் அதை ஒட்டுப் பசையாகக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் நம் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் புழங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரஷ் இழுத்த இடத்தில் நுண்ணிய மேடும் பள்ளமும் வரிவரியாக நிற்கும். பரப்பு இழுவிசை இருப்பதால், மேட்டின் வளைவு அதன் அடியில் அழுத்தத்தைச் சற்றே கூட்டுகிறது, பள்ளத்தில் குறைக்கிறது. திரவம் மேட்டை விட்டுப் பள்ளத்துக்கு நகர்கிறது. எவ்வளவு நேரத்தில் சமனாகும் என்பதற்கு ஆர்ச்சர்ட் என்பவர் 1962இல் ஒரு சூத்திரம் தந்தார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத சூத்திரம் அது. மேட்டுக்கு மேடு உள்ள இடைவெளியின் நான்காம் படிக்கு ஏற்ப நேரம் கூடும். பூச்சுக் கனத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப நேரம் குறையும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு பாகுத்தன்மை உள்ள ரெசினை 0.2 மி.மீ. கனத்துக்குப் பூசினால், 2 மி.மீ. இடைவெளியுள்ள பிரஷ் தடம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே பாதிக்குக் கீழே தணிந்துவிடும். பிரஷை எடுப்பதற்குள் தடம் மறைந்துவிடுகிறது. ஆனால் 2 செ.மீ. அகலத்துக்கு நீங்கள் விட்டுவைத்த மேடு? இடைவெளி பத்து மடங்கு என்பதால் நேரம் பத்தாயிரம் மடங்கு: ஏறக்குறைய 16 நிமிடம். பூச்சைப் பாதிக் கனமாக்கினால் அதுவே எட்டு மடங்காகி, இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அதற்குள் ரெசின் இறுகியிருக்கும். ஆகவே பிரஷ் தடத்துக்குப் பயப்படாதீர்கள். ரெசினை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரப்புவதில்தான் கவனம் வேண்டும்.

கனமாகவே பூசிவிடலாமே என்றால், அங்கே புவியீர்ப்பு காத்திருக்கிறது. அதே 0.2 மி.மீ. பூச்சின் மேற்பரப்பு, லூரின் பக்கவாட்டில் நொடிக்குச் சுமார் 0.2 மி.மீ. கீழே வழுக்கும். நிமிடத்துக்கு ஒரு செ.மீ.க்கு மேல்! கனம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு. நம் வாசகரின் லூரில் வயிற்றுச் சொட்டு வந்த வழி இதுதான்.

தீர்வு, லூரைச் சுற்றிக்கொண்டே இருப்பது. மைக்ரோவேவ் அவனில் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுச் சுற்றும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தனியாகவே கிடைக்கும். பழைய மைக்ரோவேவ் அவனை நீங்களே பிரிக்காதீர்கள், உள்ளிருக்கும் கெபாசிட்டர் உயிருக்கு ஆபத்தானது. அந்த வேகத்தில் அரைச் சுற்றுக்கு ஐந்து நொடி. பூச்சு 1 மி.மீ. இறங்குவதற்குள் கீழ் மேலாகிவிடும். இறங்கியது திரும்பி வரும். சுழலும் உருளைமேல் எவ்வளவு கனம் நிற்கும் என்பதை கேம்பிரிட்ஜின் மொஃபாட் 1977இல் ஆராய்ந்து எழுதினார். விரல் பருமனுள்ள லூருக்கு அந்த எல்லை முக்கால் மி.மீ. அளவில் வருகிறது. நமக்கு அது தாராளம். வேகத்தைக் கூட்டினால் வழவழப்பும் கூடும் என்பார்கள். கூடாது. 300 சுற்றை நெருங்கினால் ரெசின் சுவரில்தான் தெறிக்கும்.

எவ்வளவு நேரம் சுற்றுவது? இங்கே அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர்களிடம் கேட்கலாம். பதம் வருமுன் எடுத்தால் வழியும். தாண்டினால் கரண்டியே நகராது. எப்பாக்ஸியும் அப்படித்தான்: வழியாத பதத்துக்கு இறுகும்வரை சுற்ற வேண்டும், பூசுவதை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் பெரிய உருளியில் பாகு முறுகிக்கொண்டே போகும். தாம்பாளத்தில் ஊற்றினால் நின்றுவிடும். கப்பில் கலந்த ரெசினும் தன் வினையின் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சீக்கிரம் இறுகும். கலந்ததுமே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள், நேரம் கிடைக்கும். ஒப்புமை இதற்குமேல் போகாது. முறுகிய பாகைத் தண்ணீர் விட்டு இளக்கலாம். எப்பாக்ஸியிலோ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே வலையாகிவிடுகின்றன. அதைத் திரும்ப இளக்க வழியில்லை.

புட்டியில் வேலை நேரம் 45 நிமிடம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 25 டிகிரிக்கான கணக்கு. பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மே மாதத்து விழுப்புரத்தில், 40 டிகிரியில், கையில் இருப்பது கால் மணி நேரம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை வேறு விதம். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஈரக்காற்றில், ரெசினை இறுக்கக் கலக்கும் ஹார்டனரிலுள்ள அமீன்கள் மேலே வந்து, ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து பிசுக்கான வெண்படலமாகின்றன. வாயால் ஊதிக் குமிழி உடைப்பவர்கள் இந்த இரண்டையும் தாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். படலம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவித் துடைத்து, லேசாக உப்புத்தாள் தேய்த்த பிறகே இரண்டாவது பூச்சு. முதல் பூச்சுக்கு முன்பும் லூரை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கையில் ஒட்டிய தலை எண்ணெய் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் இழுவிசை குறைந்து, ரெசின் விலகிக் குழி விழும். கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலுக்கு ஆகாது.

'ஒருபோதும் மஞ்சளாகாது' என்ற வாக்குறுதியையும் நம்பாதீர்கள். சாதாரண எப்பாக்ஸியின் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரில் சிதையத்தான் செய்யும். சேர்மானங்கள் தள்ளிப்போடும், தடுக்காது. வாங்குவதற்கு முன் தகவல் தாளைக் கேட்டு இரண்டே எண்களைப் பாருங்கள்: 25 டிகிரியில் பாகுத்தன்மை எவ்வளவு, 100 கிராம் கலந்தால் எத்தனை நிமிடம் தாங்கும். இந்த இரண்டையும் சொல்லாத புட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.