உடலின் முதற்காவல்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துள்ளது ஓசூர். அந்நகரில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. சுற்றுப்புற ஊர்களிலோ பசுமைக்குடில்களில் ரோசா மலர்கள் விளைந்து கடல் கடந்தும் செல்கின்றன. ஆலையில் இரும்புச் சீவலும், குடிலில் ரோசா முள்ளும் உழைப்பவர் விரலில் தைப்பது அரிதன்று. தைத்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் மீண்டும் பூக்கொய்யத் தொடங்குகிறார். அவ்விரலின் உள்ளேயோ அப்பொழுதே ஒரு போர் மூண்டுவிடுகின்றது.

தோல் உடலின் மதிலாகும். முள் அம்மதிலைத் துளைத்து, தன் நுனியில் ஒட்டிய பாக்டீரியாக்களை உள்ளே சேர்க்கிறது. ஏற்ற சூழலில் அவற்றுட் சில 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுபடும். தடையின்றிப் பெருகுமாயின், ஒரு பாக்டீரியா 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 இலட்சத்தைக் கடந்துவிடும். ஒரு குறிப்பிட்ட பகைக்கென்றே எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்ள உடலுக்குப் பல நாள்கள் வேண்டும். அதுகாறும் உடலைக் காப்பது பிறப்பிலேயே அமைந்த இயற்கைத் தடுப்பாற்றலே.

இதனை உலகம் அறிந்த வரலாற்றிலும் ரோசா முள் இடம்பெறுவது வியப்பிற்குரியது. 1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிஞர் இலியா மெச்னிக்காவ், நட்சத்திர மீனின் இளவுயிரிகளின் தோலடியில் ரோசா முட்களைச் செருகினார். கண்ணாடி போன்ற உடலாதலின், உள்ளே நிகழ்வதை அறுக்காமலே காணலாம். மறுநாட் காலையில், ஊர்ந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன! பகையை விழுங்கிச் செரிப்பதே அவற்றின் தொழில் என்று அவர் கூறியதை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்கவில்லை. எனினும் 1908-இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது.

கண்ணும் செவியும் இல்லாத அவ்வணுக்கள் பகையை எங்ஙனம் அறிகின்றன? ஊருக்குப் புதிதாக வந்த காவலர் கள்வனின் பெயரையும் முகத்தையும் அறியார். ஆயினும் நள்ளிரவில் ஒருவன் கையில் கன்னக்கோலைக் கண்டால் போதுமன்றோ? பாக்டீரியாவின் புறச்சுவரில் மனித உடலில் இல்லாத சில பொருள்கள் உள்ளன. அவற்றை எளிதில் களைந்தெறிந்து அது வாழ இயலாது. அவையே அதன் கன்னக்கோல். அவற்றை உணரும் உறுப்புகள் நம் அணுக்களில் பதிந்துள்ளன. 'டோல்' என்னும் மரபணுவை இழந்த பழ ஈக்கள் பூஞ்சையால் மடிவதை ழூல் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் காட்டினர். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், அதனை ஒத்த உறுப்பே எலியில் பாக்டீரியாச் சுவர்ப்பொருளை உணர்கிறது என்று கண்டனர். இவ்விருவரும் 2011-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றவர்களுள் அடங்குவர்.

பகையை உணர்ந்ததும், தசையில் உறையும் பெருவிழுங்கணுக்கள் வேதிப்பொருள்களைப் பரப்பிப் பறையறைகின்றன. அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன; குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே வெள்ளணுக்கள் நெருக்கி நுழைந்து வெளியேறுகின்றன. விரல் சிவப்பதும், சுடுவதும், வீங்குவதும், வலிப்பதும் இதனாலேயாம். பலர் இவற்றையே நோயென எண்ணுவர். உண்மையில் பெரும்பாலும் இவை காவலர் வந்து சேர்ந்ததன் அடையாளங்கள். பகையை விழுங்கி, கடிய நச்சுப்பொருள்களால் அழித்து, அக்காவலரும் மடிகின்றனர். சீழ் என்று நாம் அருவருப்பது பெரிதும் அவர்தம் உடல்களே. ஈடுசெய்ய எலும்பு மச்சை நாள்தோறும் பல்லாயிரங் கோடி வெள்ளணுக்களை ஆக்கித் தருகின்றது.

இக்காவலிலும் இடர் உண்டு. விரலளவில் ஒலிக்க வேண்டிய பறை உடல் முழுதும் ஒலித்தால், குழாய்கள் எங்கும் தளர்ந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிறுநீரகம் முதலியன செயலிழக்கும், உயிரும் போகலாம். புண்ணிலிருந்து செங்கோடு கைவழியே ஏறிக் காய்ச்சலும் குளிரும் காணுமாயின், மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும்.

இரணசன்னி வேறு வகையது. இரும்பின் துருவே அதற்குக் காரணம் என்பர், அன்று. மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் ஒருவகைப் பாக்டீரியாவே காரணம். அது விடும் நஞ்சு நரம்பைத் தாக்கும். விழுங்கணுக்கள் பாக்டீரியாவை அழிக்கவல்லன. நரம்பைப் பற்றிய நஞ்சை மீட்கவல்லன அல்ல. உயிரைப் போக்கும் அந்நஞ்சின் அளவோ மிகச் சிறிது. ஆகவே அந்நோயினின்று பிழைத்தவருக்கும் அதனை எதிர்க்கும் ஆற்றல் அமைவதில்லை. தைத்தது முள்ளாயினும் இரும்பாயினும், தடுப்பூசி எப்பொழுது போடப்பட்டது என்று மருத்துவர் வினவுவது இதுபற்றியே.