நூறு கவனமும் ஒரு கவனமும்

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒருசேர நிகழ்த்திக் காட்டினார் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள், அவதானக் கலையில் வல்ல காவ்யகண்ட கணபதி முனிவர் திருவண்ணாமலை விருபாட்சக் குகைக்குச் சென்று, தவம் யாதென இரமணரை வினவினார். ‘நான்’ என்னும் எண்ணம் எழும் இடத்தைக் கவனித்தலே தவம் என்பது அவர் பெற்ற விடையின் சாரம். பல கவனங்களில் தேர்ந்தவர்க்கு ஒரே கவனம் அறிவுறுத்தப்பட்டது!

அவதானியும் ஒரே நொடியில் பலவற்றைச் சிந்திப்பதில்லை. வெண்பாவுக்கு ஓரடி சொல்லி, கணக்குக்கு விடை கூறி, முதுகில் விழுந்த நெல்மணிகளின் எண்ணிக்கையை நினைவில் இருத்தி, மீண்டும் வெண்பாவுக்குத் திரும்புகிறார். விட்ட இடத்தை மறவாமையே அவர்தம் பயிற்சி. அப்பயிற்சி இல்லாதார்க்கு ஒவ்வொரு தாவலும் காலத்தையும் பிழையையும் விலையாகக் கேட்கும்.

மெய்நிகர் உலகில் அவ்விலை கூடக்கூடும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை மெய்நிகர்க் கருவியில் காணும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். எட்டு லிங்கங்களையும் வரிசை மாறாமல் அவர் நினைவில் கொள்ள வேண்டும். கண் ‘நடக்கிறாய்’ என்கிறது. உட்செவியோ ‘அமர்ந்திருக்கிறாய்’ என்கிறது. இம்முரண்பாடு சிலருக்குத் தலைச்சுற்றலையே தருகிறது. அவ்வேளையில் கணக்கு வினா ஒன்றும் ஒலித்தால், ஒரு லிங்கம் விடுபடலாம். அன்றி விடை தாமதமாகலாம். உண்மையான பாதையில் பேசிக்கொண்டே நடப்போர் இடறுவதில்லையே எனலாம். நடை பழகிய செயலாதலின் கவனத்தை மிகுதியாகக் கேட்பதில்லை. கடினமான கழித்தல் கணக்கைக் கொடுத்தால் அவர்தம் நடையும் தளரும்.

கவனத்தின் இவ்வெல்லை மருத்துவத்தில் நன்மையாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீக்காயத்திற்கு மருத்துவம் பெறுவோரை மெய்நிகர்ப் பனியுலகில் விளையாடச் செய்தனர். வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். அது பனிப்பந்து எறிவதில் ஈடுபட்டபோது வலி குறைவாகவே உணரப்பட்டது.

ஆய்வாளர்க்கு இரண்டாம் பணி ஓர் அளவுகோலுமாகும். மெய்நிகர் வாகனத்தை ஓட்டுபவரிடம், மணியொலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வர். தாமதம் கூடக்கூட, ஓட்டுதலே அவர்தம் கவனத்தை விழுங்குகிறது எனக் கணிப்பர். அவதான அரங்கில் வினவுவோர் பெரும்பாலும் தத்தம் முறைக்குக் காத்திருப்பர். மெய்நிகர்த் திரையில் தோன்றும் அறிவிப்புகளோ காத்திருப்பதில்லை.